வருகின்றன, செல்கின்றன

காலை ஏழு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு நீல நிற பிளாஸ்டிக் வாளி. பயிற்சி மையத்தின் பூட்டிய இரும்புக் கதவுக்கு வெளியே தரையில் இருந்தது. வாளிக்குள் ஒரு குவளை, சோப்புப் பெட்டி, சுருட்டிய துண்டு, செய்தித்தாளில் பொதிந்த ஒரு ஜோடி செருப்பு. பக்கத்தில் ஒரு துணிப்பை. பையின் மேல் பாயில் சுற்றிய தலையணை. இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயது இருக்கலாம். கதவுக் கம்பிகளின் வழியே உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அந்த மையம் இருக்கிறது. அரசுத் தேர்வு எழுதும் பெண்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்துவது. மாடியில் வகுப்பறை, கீழே விடுதி. நுழைவுத் தேர்வில் முதல் இருபது இடங்களுக்குள் வருகிறவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சியும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பட்டியலை வெள்ளிக்கிழமை ஒட்டியிருந்தார்கள். சேர வேண்டிய நாள் அந்தத் திங்கள்.

அவள் என்னை வாட்ச்மேன் என்று நினைத்துவிட்டாள். எப்போது திறப்பீர்கள் என்று கேட்டாள். நான் வாட்ச்மேன் இல்லை, பொறுப்பாளரைப் பார்க்க வந்திருக்கிறேன், எட்டு மணிக்குத் திறப்பார்கள் என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் என்றாள். இருட்டோடு கிளம்பி, மாட்டுத்தாவணியில் ஒரு பஸ், பெரியார் நிலையத்தில் ஒரு பஸ் மாறி வந்திருக்கிறாள். நூல் மில்லில் வேலை பார்த்தவள். சனிக்கிழமையோடு கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டதாகச் சொன்னாள். நான் வாளியைப் பார்ப்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

"அங்கன பக்கெட்டு இருக்காதாக்கும்னு அப்பா கேட்டுச்சு சார். இருக்கும், ஆனா அது அவுங்க பக்கெட்டுன்னு சொன்னேன்."

பிறகு, நான் கேட்காமலே, இன்னொன்றும் சொன்னாள்.

"லிஸ்ட்டுல கடேசிப் பேரு என்னுதுதான். இருபதாவது ஆளு. நூலிழையில தொத்திக்கிட்டேன்."

நான் அங்கே வந்திருந்தது அந்தப் பட்டியலைத் திருத்தச் சொல்வதற்காக. திருத்தினால் கடைசிப் பெயர் வெளியே போகும் என்பதை முந்தைய நாள் மாலையே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். அந்தப் பெயருக்கு ஒரு வாளி இருக்கும் என்பது என் கணக்கில் இல்லை.

நான் முப்பது ஆண்டுகள் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். ஓய்வு பெற்றபின் சிம்மக்கல்லில் ஓர் அச்சகத்துக்கு வினாத்தாள்களும் வழிகாட்டி நூல்களும் பிழை பார்த்துப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். அந்த மையத்தின் நுழைவுத் தேர்வு வினாத்தாளும் என் கை வழியாகத்தான் போனது. கணக்கு ஆசிரியர் ஒருவர் கேள்விகளை எழுதிக் கொடுத்திருந்தார். அதில் ஒரு கேள்வி, இரண்டு பேருந்துகளைப் பற்றியது. அறுபது கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு பேருந்துகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. ஒன்று மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம், மற்றது ஐம்பது. ஒன்றையொன்று நோக்கி எதிரெதிரே வருகின்றன. அரை மணி நேரம் கழித்து அவற்றுக்கிடையே எவ்வளவு தூரம் இருக்கும்?

பத்தாம் வகுப்புப் படித்தவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது போட்ட கணக்குதான். எதிரெதிரே வரும்போது இரண்டு வேகங்களையும் கூட்ட வேண்டும். நாற்பதும் ஐம்பதும் தொண்ணூறு. அரை மணியில் நாற்பத்தைந்து கிலோமீட்டர் இடைவெளி குறைந்துவிடும். அறுபதில் நாற்பத்தைந்து போனால் பதினைந்து. விடைகளில் பதினைந்து இருந்தது. நூற்றைந்தும் இருந்தது. கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிடுகிறவர்களுக்காக ஆசிரியர் வைத்த பொறி அது.

அந்தக் கேள்வி மூன்று வரி ஓடியது. நான்காவது வரியில் ஒரே ஒரு சொல் தொங்கியது. அந்தச் சொல்லால் பக்கத்தின் கடைசிக் கேள்வி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. பத்திரிகையில் வேலை பார்த்தவன் இப்படித் தொங்கும் சொல்லைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டான். 'ஒன்றையொன்று நோக்கி எதிரெதிரே வருகின்றன' என்பதை அடித்துவிட்டு, 'எதிர்த் திசையில் செல்கின்றன' என்று போட்டேன். பக்கம் சரியாக நின்றது.

ஏன் 'வருகின்றன' என்பதை 'செல்கின்றன' ஆக்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். மதுரைப் பதிப்பில் 'அமைச்சர் இன்று மதுரை வருகிறார்' என்று செய்தி போகும். அதே செய்தி வேறு ஊர்ப் பதிப்புக்குப் போகும்போது 'மதுரை செல்கிறார்' என்று மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் மறுநாள் திட்டு விழும். பல ஆண்டுகள் என் வேலையில் பாதி அதுதான். வருகிறார் என்று பார்த்தால் செல்கிறார் என்று விரல் தானே தட்டும். எந்த ஊரிலிருந்து படித்தாலும் பொருந்தும் என்பதால் 'செல்' என்பது எங்களுக்குப் பத்திரமான சொல்.

ஞாயிற்றுக்கிழமை மாலை என் மனைவியின் தங்கை வீட்டுக்கு வந்தாள். சிம்மக்கல்லில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் பில் போடுகிறவள். நாள் முழுதும் நின்றுகொண்டே பார்க்கும் வேலை. முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். குரூப் ஃபோர் தேர்வைப் பல முறை எழுதி, ஒவ்வொரு முறையும் கணக்கில் கோட்டை விட்டவள். அடுத்த தேர்வுதான் கடைசி, அதோடு விட்டுவிட வேண்டும் என்று அவளுக்கும் அவள் கணவனுக்கும் பேச்சு. இந்த மையத்தின் நுழைவுத் தேர்வையும் எழுதியிருந்தாள். பட்டியலில் அவள் பெயர் இல்லை. காத்திருப்போரில் முதல் பெயர் அவளுடையது. ஒரு மதிப்பெண்ணில் போனது.

வினாத்தாளை மடித்து எடுத்து வந்திருந்தாள். நான் பிழை பார்த்த தாள் என்று அவளுக்குத் தெரியாது. தேர்வுக்கு முன் சொல்லக்கூடாது என்பதால் நான் சொல்லவில்லை. பின்பு சொல்ல அவசியம் வரவில்லை. விடைக் குறிப்பில் ஒரு கேள்விக்கு மட்டும் அவளுக்குச் சந்தேகம். பேருந்துக் கேள்வி.

"மச்சான், பேப்பர்க்காரரு நீங்கதானே, தமிழ் படிச்சுச் சொல்லுங்க. இதுல பஸ்ஸு ரெண்டும் வருதா போகுதா?"

படித்தேன்.

"போகுதுன்னுல போட்டிருக்கு. எதிர்த் திசையில செல்கின்றன. நான் கிழக்க போறேன், நீங்க மேக்க போறீங்க, அதுதானே எதிர்த் திசை? போறவுங்க எப்படிக் கிட்ட வருவாங்க? ஏற்கெனவே அறுபது கிலோமீட்டர் தள்ளி நிக்கிறாங்க. இன்னும் நாப்பத்தஞ்சு போயிருப்பாங்க. நூத்தஞ்சுதானே? நான் நூத்தஞ்சு போட்டேன். இவுங்க பதினஞ்சுங்குறாங்க."

அவள் சிரித்தாள்.

"வாரேன்னு எழுதியிருந்தா நான் கழிச்சிருப்பேன்ல. எவன் இதை எழுதுனானோ, அவன் வீட்டை விட்டுக் கிளம்புறப்போ போறேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புவான் போல."

எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வது வசைக்குப் பக்கத்தில் இருப்பது. கிளம்புகிறவர்கள் வாரேன் என்றுதான் சொல்வார்கள். போறேன் என்று சொன்னால் திரும்பி வரமாட்டேன் என்று ஆகிவிடும். என் மனைவி சமையலறையிலிருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கணினியில் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. என் கை எனக்குத் தெரியும்.

அவள் போனபின் மனைவியிடம் சொன்னேன். மையத்துக்குப் போய்த் தவறைச் சொல்லப் போகிறேன், சொன்னால் உன் தங்கைக்கு இடம் கிடைக்கும் என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"உங்க தப்புங்கிறதுக்காகப் போறதா இருந்தா போங்க. அவ என் தங்கச்சிங்கிறதுக்காகன்னா வேணாம்."

இரண்டும்தான் என்றேன். அப்படியென்றால் அங்கேயும் இரண்டையும் சொல்லுங்கள் என்றாள்.

மையத்தின் பொறுப்பாளர், மிஷன் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் திங்கள் காலை கதவைத் திறந்ததும், பெண்ணை உள்ளே போய் வார்டனிடம் பதிவு செய்துகொள்ளச் சொல்லிவிட்டு என்னை அறைக்குள் அழைத்துப் போனார். வினாத்தாளில் ஒரு தவறு இருக்கிறது என்றேன்.

"கணக்குலயா, தமிழ்லயா?"

தமிழில் என்றேன்.

"அப்ப கணக்கு வாத்தியார் தப்பிச்சாரு" என்றார்.

ஆசிரியர் எழுதியது என்ன, நான் மாற்றியது என்ன, ஏன் மாற்றினேன் என்று வரிசையாகச் சொன்னேன். நூற்றைந்தும் சரியான விடைதான் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் தாளை இரண்டு முறை வாசித்தார். இரண்டாவது முறை வாய்விட்டு வாசித்தார். பள்ளியில் இருந்தவர் என்பதால், இதைத் திருத்த இருக்கும் வழிகளை என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்தார். நூற்றைந்து போட்டவர்களுக்கும் ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். அல்லது கேள்வியையே நீக்கி, பதினைந்து போட்டவர்களிடமிருந்து ஒரு மதிப்பெண்ணை எடுத்துவிடலாம். முதலாவதில் கீழே இருக்கிறவர் மேலே ஏறுவார், இரண்டாவதில் மேலே இருக்கிறவர் கீழே இறங்குவார். எப்படிச் செய்தாலும், என் கணக்குப்படி, இருபதாவது பெயரும் காத்திருப்போரில் முதல் பெயரும் ஒரே மதிப்பெண்ணில் வந்து நிற்கும். அப்போது அரசுத் தேர்வுகளில் உள்ள வழக்கப்படி, வயதில் மூத்தவருக்கு இடம்.

"மூணாவதா ஒரு வழி இருக்கு சார்" என்றார். "நீங்க இன்னைக்கு இங்க வரவே இல்லைன்னு வச்சுக்கிறது."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவரே தலையை ஆட்டிக்கொண்டார். தெரிந்தபின் அப்படிச் செய்ய முடியாது என்றார். விடைத்தாள்களைக் கொண்டுவரச் சொன்னார்.

சரிபார்த்து முடிய ஒன்பதரை ஆனது. நூற்றைந்து போட்டவர்கள் சிலர் இருந்தார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் பட்டியலில் எங்கோ கீழே. அந்த ஒருவரின் பெயரை அவர் வாசித்தபோது, முதன்முறை கேட்பவன் போல உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். என்னிடம் கேட்டதா தனக்குள் கேட்டுக்கொண்டதா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

"இருபத்தொண்ணா எடுத்துக்கலாம்னா, அறக்கட்டளைக்காரங்க சொன்னாக் கேப்பாங்க. ஒரு ஆளுக்குச் சோறு பெரிய விஷயம் இல்ல. ஆனா நாலு ரூமு, ரூமுக்கு அஞ்சு கட்டிலு. இருபத்தொண்ணாவது ஆளை எங்க படுக்க வைக்கிறது?"

என் கொழுந்தியாள் விடுதியில் தங்க மாட்டாள். பிள்ளைகள் இருக்கிறார்கள். இடம் கிடைத்தால் வீட்டிலிருந்தே வந்து போக அனுமதி கேட்டுக்கொள்ளலாம் என்று விண்ணப்பிக்கும்போதே என்னிடம் சொல்லியிருந்தாள். அவளுக்குக் கட்டில் வேண்டியதில்லை. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் அதைச் சொன்னால் அவளை எனக்குத் தெரியும் என்றாகும். அதை நான் உள்ளே வந்தவுடனே சொல்லியிருக்க வேண்டும். முதலில் தவறை மட்டும் சொல்வோம், தவறு தவறுதான் என்று ஒப்புக்கொண்டபின் உறவைச் சொல்வோம், அப்போதுதான் சொல்வது எடுபடும் என்று கதவுக்கு வெளியே முடிவு செய்திருந்தேன். செய்தியில் எது முதல் பத்தி, எது கடைசிப் பத்தி என்று தீர்மானிக்கிற பழக்கம். கடைசிப் பத்தியை இடம் போதாவிட்டால் வெட்டிவிடலாம்.

அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் விடைத்தாள்களை அடுக்கி வைத்தேன். சரி, விதிப்படியே செய்வோம் என்று எழுந்தார்.

பெண்ணிடம் யார் சொல்வது என்ற பேச்சு வந்தது. "நீங்களே விளக்குங்க சார். உங்க வார்த்தைதானே" என்றார். அவர் குத்திச் சொல்லவில்லை. சரியானதைத்தான் சொன்னார்.

அவள் நான்காவது அறையில் இருந்தாள். ஐந்து கட்டில்களில் சன்னலோரக் கட்டிலை எடுத்துக்கொண்டிருந்தாள். பாயை விரித்து, தலையணை போட்டாயிற்று. வாளி கட்டிலுக்கு அடியில். மற்றப் பெண்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அலுவலக அறைக்கு அழைத்தபோது செருப்பைப் போட்டுக்கொள்ளாமலே வந்தாள். வீட்டுக்குள் நடக்கிற மாதிரி.

வினாத்தாளைக் காட்டி, ஒரு சொல்லை நான் மாற்றியதால் இரண்டு விடைகள் சரியாகிவிட்டன என்று விளக்கினேன். வயது விதியைப் பொறுப்பாளர் சொன்னார். அவள் தாளைக் கையில் வாங்கி அந்தக் கேள்வியைப் படித்தாள். அதுவரை படிக்காததைப் படிப்பது போல் மெதுவாகப் படித்தாள்.

"செல்கின்றனன்னுதான் இருக்கு" என்றாள். "நான் இதைப் படிக்கவே இல்ல சார். எதிர்னு பாத்தேன், கூட்டுனேன், கழிச்சேன். நாலஞ்சு மாசமா யூடியூப்ல அப்படித்தான் போட்டுப் பழகுனேன். அவுங்க முழுசாப் படிச்சிருக்காங்க."

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். நீங்கள் ஒட்டிய பட்டியலை நம்பித்தானே வேலையை விட்டு வந்தேன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. அந்த அக்காவுக்கு எம்புட்டு வயசு என்று மட்டும் கேட்டாள். பொறுப்பாளர் சொன்னார்.

"அப்ப நான் பொறக்குறதுல பிந்திட்டேன்" என்றாள். பொறுப்பாளர் சிரிக்க முயன்று விட்டுவிட்டார்.

மில்லில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். அவள் ஓட்டிய மிஷினுக்கு அன்று காலையே வேறு ஆள் போட்டிருப்பார்கள் என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், மழை வருமா என்று கேட்டால் பதில் சொல்கிற மாதிரி.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட நடந்தேன். வாளியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. அவசரத்தில் செய்தித்தாளில் பொதிந்திருந்த செருப்பின் பொதி பிரிந்து, வாளிக்குள் நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த நாளிதழின் ஒரு பக்கம் தெரிந்தது. வரன் விளம்பரப் பக்கம். பெரியார் நிலையம் போகும் பஸ் வந்தது. படியில் ஏறி, வாளியை முதலில் உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"வாரேன் சார்."

போய்ட்டு வாம்மா என்பதுதான் அதற்குப் பதில். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த பதில். நான் சரிம்மா என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, இரண்டையும் சொன்னீர்களா என்று கேட்டாள். தவறைச் சொன்னேன், இடம் கிடைத்துவிட்டது என்றேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். தங்கைக்கு அவள்தான் போன் போட்டாள். மறுமுனையில் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. சந்தோஷ அழுகை.

கடையில் சொல்லிவிட்டு வர ஒரு வாரம் கேட்டிருந்தாள். அடுத்த திங்கள் கணவனோடு சேர வந்தாள். அன்று ஏதோ வழிகாட்டி நூலின் பக்கங்களைக் கொடுக்க நானும் மையத்துக்குப் போயிருந்தேன். போகாமல் இருந்திருக்கலாம். அலுவலக அறையில் பொறுப்பாளரின் எதிரில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மச்சான், பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, போறதுக்கும் வாரதுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தன் எழுதுன கேள்வின்னு. சார் ஒத்துக்கிட்டாரு பாருங்க."

பொறுப்பாளர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சொந்தமா என்று கேட்டார். என் மனைவியின் தங்கை என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள் இருப்பதால் வீட்டிலிருந்து வந்து போக அனுமதி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு வந்துவிடுவேன், ஒரு நாளும் பிந்த மாட்டேன், கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள்.

அவளையும் கணவனையும் வார்டனிடம் அனுப்பிவிட்டு, அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது அவர் கேட்டார்.

"வீட்டுல இருந்துதான் வருவாங்கன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்?"

தெரியும் என்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் எடுத்திருப்பேனே சார்."

அவர் மேசையிலிருந்த விண்ணப்பங்களில் தேடி, கொட்டாம்பட்டிப் பெண்ணின் எண்ணை எடுத்து, என் முன்னாலேயே போன் செய்தார். தகப்பனார் எடுத்தார். பேச்சு எனக்கும் கேட்டது. மகள் திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார். மில்லில் கூட வேலை பார்த்த ஒரு பெண் அங்கே பனியன் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாளாம், வியாழக்கிழமை அவளோடு போய்விட்டாளாம். போன் ஒன்றுதான், அது வீட்டில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பொறுப்பாளர் விஷயத்தைச் சொன்னார். இடம் இருக்கிறது, உடனே வரலாம் என்றார். தகப்பனார் முழுதும் கேட்டார். ஒரு தடவை இருக்கு என்றீர்கள், பிறகு இல்லை என்றீர்கள், இப்போது மறுபடி இருக்கு என்கிறீர்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"அங்க அட்வான்சு வாங்கிருச்சு சார். அது வந்தாச் சொல்றேன்."

அடுத்த சில நாட்களில் நானும் அந்த எண்ணுக்குப் போன் செய்து பார்த்தேன். ஒரு முறை எடுத்தார். யார் என்று சொன்னதும், இன்னும் வரலை என்றார். பிறகு மணி அடித்து நின்றது.

பத்திரிகையில் நாங்கள் திருத்தம் போட்டதெல்லாம் பாதிக்கப்பட்டவர் அலுவலகப் படியேறி வந்தபின்தான். யாரும் வராத தவறுகள் எத்தனையோ போயிருக்கும். அவற்றைப் பற்றி நான் யோசித்ததில்லை. என் கொழுந்தியாள் பதினைந்து என்று போட்டிருந்தால், நூற்றைந்து போட்ட யாரோ ஒருத்திக்காக அந்தக் காலையில் நான் கிளம்பிப் போயிருப்பேனா என்று இப்போது யோசிக்கிறேன். போயிருப்பேன் என்று சொல்ல வாய் வருகிறது. வாளியோடு நின்ற பெண் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

வகுப்புகள் நடக்கின்றன. கொழுந்தியாள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, அந்த வாரம் நடத்தியதை எனக்குச் சொல்லிக் காட்டுகிறாள். சொல்லிக் காட்டினால் மனதில் நிற்கிறதாம். போன வாரம் பேருந்துக் கணக்குகள். ஆசிரியர் ஒரு சுலப வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு டம்ளர்களை வைத்துக் காட்டினாள்.

"ரெண்டும் ஓடுதுன்னு நெனச்சாத்தான் மச்சான் கொழப்பம். ஒண்ணை நிறுத்தி வச்சிரணும். அது பாட்டுக்கு நிக்கட்டும். இன்னொண்ணு ரெண்டு பேரு வேகத்தையும் சேத்து எடுத்துக்கிட்டு வருதுன்னு வச்சுக்கிட்டா முடிஞ்சது."

ஒரு டம்ளரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றதை நகர்த்தினாள். புரிகிறதா என்று கேட்டாள். புரிகிறது என்றேன். என் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் கேள்வியை அடுத்த ஆண்டு வழிகாட்டி நூலுக்காகத் திருத்திவிட்டேன். ஒன்றையொன்று நோக்கி எதிரெதிரே வருகின்றன. ஒரு சொல் நான்காவது வரியில் தொங்குகிறது.

விடுதியின் நான்காவது அறையில் நான்கு பேர் தங்கியிருக்கிறார்கள். சன்னலோரக் கட்டிலில் மற்றவர்கள் காய்ந்த துணிகளை மடித்து வைக்கிறார்கள்.